மகளின் வங்கிக் கணக்கும் பெற்றோரின் பயணமும்: மட்டக்களப்புக் குடும்பமொன்றின் பயணக் காப்புறுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்நிகழ்வுக்கு உரியவர்கள் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் ஒரு முதிய தம்பதியர். கணவர் 71 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர். சீனி வருத்தம் உள்ளவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். மனைவிக்கு 66 வயது. பிரஷருக்காக நாள்தோறும் குளிசை எடுப்பவர். இருவரும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கிளினிக்குகளுக்குத் தவறாமல் சென்று வருபவர்கள். மகள் லண்டனிலும் மகன் கொழும்பிலும் வாழ்கின்றனர். மகளின் முதற்பிரசவத்தை ஒட்டி லண்டனில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்குவதும், இடையில் பத்து நாட்கள் சூரிச்சுக்குச் சென்று கணவருடைய அண்ணன் மகனின் திருமணத்தில் கலந்துகொண்டு மீண்டும் லண்டன் திரும்புவதும் அவர்களது திட்டமாக இருந்தது. குடும்பத்தினரின் விருப்பப்படி பெயர்களும், சம்பந்தப்பட்ட வங்கிகளினதும் காப்புறுதிக் கம்பனியினதும் அடையாளங்களும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இவர்கள் காப்புறுதியை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தமக்கு இரண்டு பயணக் காப்புறுதிகள் இருப்பதாக அவர்கள் நம்பியிருந்தனர். ஒன்று மகளின் லண்டன் வங்கிக் கணக்கு வழியாகவும் மற்றையது மகனின் கடனட்டை வழியாகவும் கிடைத்தவை என்பது அவர்களது எண்ணம். உண்மையில் அவ்விரண்டில் எதுவும் இந்த இருவரையும் தொடவேயில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதும், மூன்றாவதாக எடுக்கப்பட்ட காப்புறுதி எந்த நிலையில் உதவியது என்பதுமே இவ்வாய்வின் விடயம்.

மகளின் கணக்கு

மகளும் மருமகனும் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு மாதாந்தக் கட்டணம் அறவிடப்படும் வகையைச் சேர்ந்தது. ஐக்கிய இராச்சியத்தில் பல வங்கிகள் இத்தகைய கணக்குகளை வழங்குகின்றன. கட்டணத்துக்கு ஈடாக உலகளாவிய பயணக் காப்புறுதி, கைத்தொலைபேசிக் காப்புறுதி, வீதியில் பழுதடையும் வாகனத்துக்கான உதவி ஆகியவை ஒரே கட்டாகக் கிடைக்கும். “அப்பா, எங்கட எக்கவுண்டோட ஃபேமிலி இன்சூரன்ஸ் இருக்கு, நீங்க அங்க ஒண்டும் எடுக்க வேண்டாம்” என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, அதைச் சந்தேகிக்க வீட்டில் எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இவ்வகைக் காப்புறுதியில் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்துகொள்வது வங்கியே. தன் வாடிக்கையாளர் அனைவருக்குமாக வங்கி ஒரே குழுக் காப்புறுதிப் பத்திரத்தை வாங்குகிறது. கணக்கு வைத்திருப்பவர் அப்பத்திரத்தின் கீழ்ப் பயனாளியாகச் சேர்கிறார். எனவே, யார் யார் பயனாளிகள் என்பதைக் கணக்கில் உள்ள பணமோ குடும்ப உறவோ தீர்மானிப்பதில்லை; வங்கியும் கம்பனியும் தமக்குள் எழுதிக்கொண்ட நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன. மகள் பின்னர் அந்நிபந்தனைகளை எடுத்து வாசித்தபோது, கணக்குடையவர், அவரது துணை, அவர்களில் தங்கி வாழும் பிள்ளைகள் ஆகியோரே காக்கப்படுவோர் என்றும், அவர்கள் ஐக்கிய இராச்சியத்தில் வசித்து அங்கே குடும்ப வைத்தியர் ஒருவரிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், பயணம் அந்நாட்டில் தொடங்கி அந்நாட்டிலேயே முடிய வேண்டும் என்றும், ஒரு பயணம் 31 நாட்களுக்கு மேற்படக் கூடாது என்றும், 70 வயதைக் கடந்தவர்களுக்கு மேலதிகக் கட்டணம் உண்டு என்றும் இருந்தது. இத்தகைய கணக்குகளில் இவை வழக்கமான நிபந்தனைகளே.

இவற்றுள் வயதும் நாட்களும் பணம் கட்டித் தளர்த்திக்கொள்ளக் கூடியவை. பயணம் எங்கே தொடங்குகிறது என்பது அப்படிப்பட்டதன்று. காப்புறுதியின் கணக்கே அதன்மீதுதான் போடப்பட்டிருக்கிறது. அங்கு வசிப்பவர் ஒருவர் வெளிநாட்டில் நோயுற்றால், அவருக்கு வேண்டிய அவசர சிகிச்சையைக் கொடுத்து, கூடிய விரைவில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் கம்பனியின் பொறுப்பு முடிந்துவிடும். எஞ்சிய சிகிச்சையை அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை இலவசமாக ஏற்றுக்கொள்ளும். கல்லடியிலிருந்து லண்டனுக்குச் செல்லும் பெற்றோரின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குச் செலவு பிடிக்கும் இடமே லண்டன்தான். ஆகவே, அந்தப் பத்திரத்தில் பெற்றோரின் பெயரை எப்படியாவது சேர்த்துக்கொள்ள முடியாதா என்று மகள் வங்கியைக் கேட்டபோது கிடைத்த மறுப்பில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

2013ஆம் ஆண்டு முதல் ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய கணக்கை விற்கும் வங்கி, வாடிக்கையாளர் அதிலுள்ள காப்புறுதிகளின் கீழ்க் கோரிக்கை வைக்கத் தகுதியுடையவரா என்று பார்க்கவும், ஆண்டுதோறும் அவருக்குத் தகுதி பற்றிய அறிக்கை ஒன்றை அனுப்பவும் கடமைப்பட்டுள்ளது. மகளுக்கும் அவ்வறிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவரது தகுதியைப் பற்றியது. பெற்றோரை அழைக்க நினைத்திருப்பவர் ஏமாந்துவிடக் கூடாதே என்பதற்காக எழுதப்பட்டதன்று.

மகனின் கடனட்டை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெற்றோரின் விமானச் சீட்டுகளைத் தன் கொழும்பு வங்கிக் கடனட்டையில் வாங்கினார். அந்த அட்டையில் சீட்டு வாங்கினால் பயணக் காப்புறுதி இலவசம் என்று விளம்பரம் சொன்னது. அச்சலுகை பயணம் செய்யும் அட்டைதாரருக்கே உரியது. அவர் பயணம் செய்யவில்லை. செய்திருந்தாலும், அவரது அட்டையில் கிடைத்தது பெரும்பாலும் விபத்து மரணத்துக்கும் பயணப்பொதி தொலைவதற்குமான தொகையாகும். வைத்தியச் செலவுக்கான பகுதி மிகச் சிறியது.

கொழும்பில் திரும்பி வந்த கோப்பு

ஐக்கிய இராச்சியத்துக்கான ஆறு மாதப் பார்வையாளர் வீசாவுக்குப் பயணக் காப்புறுதி கட்டாயமன்று. அங்கே நீண்டகாலம் தங்குவோர் வீசாவுடன் செலுத்தும் சுகாதார மேலதிகக் கட்டணமும் பார்வையாளருக்கு இல்லை. எனவே அந்த வீசா, காப்புறுதி பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்காமல் கிடைத்தது. இந்த ஒரு விடயம் பின்னர் எவ்வளவு பெரிதாயிற்று என்பதைக் கீழே காணலாம்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று. ஆயினும் 2008 டிசம்பர் முதல், பொதுவான வீசா விதிகளைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் வலயத்தில் இருப்பதால் அதன் குறுங்கால வீசாவுக்கு வலயத்தின் பொது விதிகளே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டின் 810ஆம் இலக்க ஒழுங்குவிதியின் 15ஆம் உறுப்புரை, விண்ணப்பதாரரிடம் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான பயண வைத்தியக் காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது. அது வலயம் முழுவதிலும், தங்கும் நாட்கள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். அவசர வைத்தியம், அவசர வைத்தியசாலை அனுமதி, வைத்தியக் காரணத்துக்காக நாடு திருப்புதல், மரணம் ஆகியவற்றின் செலவுகளை ஏற்க வேண்டும். விண்ணப்பதாரர் இயன்றவரை தாம் வசிக்கும் நாட்டிலேயே அதை வாங்க வேண்டும் என்பதும் அதே உறுப்புரையில் உள்ளது. வேறொருவர் விண்ணப்பதாரரின் பெயரில் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் பெயர் விண்ணப்பதாரருடையதாக இருக்க வேண்டும்.

தம்பதியர் இரவு பஸ்ஸில் கொழும்பு சென்று சமர்ப்பித்த கோப்பில் மகளின் வங்கி அனுப்பிய பொதுவான காப்புறுதிக் கடிதம் இருந்தது. அதில் இவர்களது பெயர்கள் இல்லை, தொகை இல்லை, திகதிகள் இல்லை. வீசா விண்ணப்ப நிலையத்தில் ஆவணங்களைச் சரிபார்த்தவர் அதை எடுத்து வைத்துவிட்டு, காப்புறுதிச் சான்றிதழுடன் மீண்டும் நாள் பெற்று வரும்படி சொன்னார். மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னுமோர் இரவுப் பயணம், இன்னுமொரு நாள் தங்குமிடச் செலவு; எழுபதைக் கடந்த சீனி வருத்தக்காரருக்கு அது சிறிய சிரமமன்று. எனினும், இக்குடும்பத்துக்கு இம்முழுக் கதையிலும் கிடைத்த பெரிய நன்மை அந்தத் திருப்பியனுப்பல்தான் என்பது என் கருத்து. சூரிச் திருமணம் இடையில் வராமல் லண்டனுக்கு மட்டும் புறப்பட்டிருந்தால், மகளின் கணக்கு தங்களைக் காக்கிறது என்ற நம்பிக்கையுடனேயே அவர்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியிருப்பார்கள்.

வங்கிக் கவுண்டரில்

ஊர் திரும்பிய ஆசிரியர், தமது ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளைக்குச் சென்றார். இலங்கையில் வங்கி காப்புறுதியாளராக இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழிலை ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட கம்பனி ஒன்றே பத்திரத்தை வழங்கும். வங்கி அதன் முகவராக நின்று விற்றுத் தரகுப்பணம் பெறும். சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டுப்பணம் நேரடியாகக் கழிக்கப்படும் என்பதால், வாடிக்கையாளருக்கு அது வங்கியே தருகின்ற ஒன்றாகத் தோன்றுவது இயல்பு.

கவுண்டரில் இருந்த இளம் பெண் உத்தியோகத்தர் ஆசிரியரிடம் படித்தவர். வீசா விடயத்தைக் கேட்டறிந்து, ஷெங்கன் நாடுகளுக்கு மட்டுமான, பத்து நாட்களுக்குரிய, மிகவும் மலிவான ஒரு திட்டத்தை எடுத்து வைத்தார். “சேர், வீசாவுக்கு இது காணும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்தச் சான்றிதழை வைத்து வீசா கிடைத்திருக்கும். ஆனால் 30,000 யூரோ என்ற விதி, வந்தவரின் வைத்தியச் செலவு தம் தலையில் விழாதிருக்க அந்நாடுகள் தமக்காக வகுத்துக்கொண்டது; பயணம் செய்பவரின் முழுப் பாதையையும் கருதி எழுதப்பட்டதன்று. இவர்களுடைய பயணத்தில் யாரோ கேள்வி கேட்கும் பத்து நாட்கள் சூரிச்சிலும், எவரும் கேள்வி கேட்காத எண்பதுக்கு மேற்பட்ட நாட்கள் லண்டனிலும் இருந்தன. வீசாவுக்குக் காணும் திட்டத்தை எடுத்திருந்தால், பயணத்தின் ஒன்பதில் ஒரு பங்குக்கே காப்பு இருந்திருக்கும்.

இதைக் கண்டுகொண்டவர் மகன். அவர் தொலைபேசியில் வற்புறுத்தியதன் பேரில், அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக உலக நாடுகளுக்கான, முழுத் தங்கலையும் உள்ளடக்கும் திட்டம் கேட்கப்பட்டது. கட்டுப்பணம் பல மடங்கு கூடியது. கணவரின் வயதுக்காக மேலும் கூடியது. ஆசிரியர் சற்றுத் தயங்கினார். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இத்தொகையைக் கண்டு தயங்குவதில் குறை காண்பதற்கில்லை.

அடுத்ததாகப் பிரேரணைப் படிவம், அதாவது காப்புறுதிக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. முன்பிருந்தே உள்ள நோய்கள் பற்றிய கேள்விக்கு உத்தியோகத்தர் “உங்களுக்கு இப்ப சுகம்தானே சேர்?” என்று கேட்டு, ‘இல்லை’ என்ற கட்டத்தை நோக்கிப் பேனையைக் கொண்டுபோனார். இது தீய நோக்கத்துடன் செய்யப்பட்டதாக நான் கருதவில்லை. நோயை எழுதினால் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போகும், வைத்தியர் கேட்பார், நாட்கள் இழுபடும். நல்லெண்ணம் கொண்ட உத்தியோகத்தரே இத்தவறைச் செய்யக்கூடும் என்பது வங்கிக் கிளைகளில் இருந்தவர்கள் அறிந்ததே. அப்போது மனைவி தம் கைப்பையிலிருந்து இருவரின் கிளினிக் கொப்பிகளையும் எடுத்து வைத்து, அந்த உத்தியோகத்தரிடம் “மகள், இதையும் பார்த்து எழுதுங்க” என்றார்.

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளி தானே வைத்திருக்கும் அந்தக் கொப்பி, ஒருவரின் நோய் வரலாறு முழுவதையும் திகதி வாரியாகச் சொல்லும் ஆவணமாகும். கோரிக்கை வரும் நாளில் கம்பனி முதலிற் கேட்பதும் அதைத்தான். படிவத்தில் ‘இல்லை’ என்றும் கொப்பியில் ‘உண்டு’ என்றும் இருந்தால், ஒப்பந்தத்தையே மறுக்கும் உரிமை கம்பனிக்கு எழக்கூடும். இப்போது வந்த நோய் வேறு, மறைத்த நோய் வேறு என்ற வாதம் அங்கே எளிதில் எடுபடாது. எல்லாவற்றையும் எழுதியதன் விளைவாக, கணவரின் இதய நோய் சார்ந்த செலவுகள் பத்திரத்திலிருந்து விலக்கப்பட்டன. மனைவியின் பிரஷர் குறித்துக்கொள்ளப்பட்டது. கணவருக்கு இது முழுமையான காப்பு அன்று. ஆனால் எது இல்லை என்பது எழுத்தில் தெரிந்திருந்தது. அதனால் அவர் மூன்று மாதக் குளிசைகளையும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் சென்றார்.

படிக்கட்டில் நடந்தது

சூரிச் திருமணம் குறைவின்றி நடந்தது. லண்டன் திரும்பிச் சில வாரங்களின் பின், ஒரு காலை நேரத்தில், மகளின் வீட்டு வாசற்படியில் மழை ஈரத்தில் மனைவி வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. அம்புலன்சில் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு, இரு வாரங்கள் அளவில் விடுதியில் இருந்தார்.

இங்கிலாந்தில் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவில் அளிக்கப்படும் சிகிச்சைக்குப் பார்வையாளரிடமும் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விடுதியில் அனுமதிக்கப்பட்ட பின் நடப்பது வேறு. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சை பணத்துக்காக நிறுத்தப்படாது. ஆனால் விலக்குப் பெறாத பார்வையாளரிடம், தேசிய சுகாதார சேவையின் வழமையான கட்டண அளவில் 150 சதவீதம் பின்னர் அறவிடப்படும். 500 பவுணுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதங்களாகச் செலுத்தப்படாமல் இருந்தால் அது உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கப்படலாம்; அடுத்த முறை வீசா கேட்கும்போது அது மறுப்புக்குக் காரணமாகலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க மீண்டும் வர நினைக்கும் பாட்டிக்கு இது பணத்தை விடப் பெரிய இழப்பு. வைத்தியசாலையின் வெளிநாட்டுப் பார்வையாளர் பிரிவு அலுவலர் கட்டிலருகே வந்து விபரம் எடுத்தபோது, மகள் முதலில் நீட்டியது தமது வங்கி அட்டையை அல்ல. மட்டக்களப்பில் எடுக்கப்பட்ட பத்திரத்தின் பிரதியை.

பத்திரத்தில் 24 மணி நேர உதவி இலக்கம் ஒன்று இருந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் கூடிய விரைவில் அதற்கு அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மகள் அன்று மாலையே அழைத்துக் கோவை இலக்கம் பெற்றுக்கொண்டார். அதன் பின்னரே கம்பனியின் விசாரணை தொடங்கியது. அவர்களது முதற்கேள்வி, இவர் பிரஷர் குளிசை எடுப்பவர் என்பதால் தலைச்சுற்றி விழுந்தாரா, அல்லது வழுக்கி விழுந்தாரா என்பதாக இருந்தது. முன்பிருந்த நோயால் விழுந்திருந்தால் கோரிக்கை வேறு வழியிற் போயிருக்கும். இதைத் தீர்த்தது, அவசர சிகிச்சைப் பிரிவில் முதலிற் பார்த்த வைத்தியர் எழுதிவைத்த குறிப்பு: ஈரமான படியில் வழுக்கியது, நினைவு தவறவில்லை, தலைச்சுற்று இல்லை. கிளினிக் கொப்பியின் பிரதிகளும் கேட்கப்பட்டன. அவற்றில் இருந்தவை யாவும் ஏற்கெனவே படிவத்தில் இருந்ததால் வாதத்துக்கு இடம் எழவில்லை. விபத்தின்பின் முதல் வைத்தியரிடம் நடந்ததைத் தெளிவாகச் சொல்வதும், மொழி தெரிந்த ஒருவர் உடன் நின்று அது சரியாகப் பதியப்பட்டதா என்று கேட்பதும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் கண்டதில்லை.

வைத்தியசாலைக் கட்டணத்தைக் கம்பனி ஏற்றது; பத்திரத்தின்படி குடும்பம் தானே ஏற்க வேண்டிய முதற்பகுதி கழிக்கப்பட்டது. வீடு வந்த பின் தனியாரிடம் பெற்ற உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் விமானத்தில் காலை நீட்டி இருக்க வேண்டும் என்பதற்காக மகள் கூடிய வகுப்புக்கு மாற்றிய சீட்டின் மேலதிகச் செலவும் மறுக்கப்பட்டது. அத்தகைய மாற்றம் சிகிச்சையளித்த வைத்தியரின் கடிதத்துடன் உதவி நிலையத்தின் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடிதம் இருந்தது, அனுமதி இல்லை. குடும்பம் இதைக் குறித்துக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியுள்ளது. அங்கே தீர்வு இல்லையெனில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ கொண்டுசெல்லலாம். இந்தப் பாதையே, சொந்தப் பெயரில் பத்திரம் இருந்ததால் திறந்த ஒன்று. மகளின் வங்கிக் காப்புறுதியில் பெற்றோர் காக்கப்பட்டவர்களே அல்லர் என்பதால், அங்கே மறுக்கப்பட்டிருந்தால் முறையிடுவதற்கான தகுதியும் இருந்திருக்காது. எனினும், மறுக்கப்பட்ட விமானச் செலவு அவர்களுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிபந்தனை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மகள் தமது கணக்கைச் சாதாரண கணக்காக மாற்றி மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாமா என்று யோசித்து, பின் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு குழந்தையுடன் மட்டக்களப்புக்கு வர அவர்கள் எண்ணியிருக்கின்றனர்; அப்பயணம் லண்டனில் தொடங்கி லண்டனில் முடிவதால், கணவன், மனைவி, குழந்தை மூவரும் அந்தப் பத்திரத்தின் கீழ் முறையாகவே வருகின்றனர். இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: அவர்கள் தங்க நினைப்பது ஆறு வாரங்கள், பத்திரம் தருவது 31 நாட்கள். மேலதிக நாட்களுக்கான கட்டணத்தைப் புறப்படும் முன்னரே செலுத்தி, நீடிப்பை எழுத்தில் பெற்றுக்கொள்வதற்காக அவர் இப்போதே வங்கிக்கு எழுதியிருக்கிறார்.